மழையில் டாலா வரை

செவ்வாய், ஜூலை 8
விடிந்ததிலிருந்து மழை. தின்கன்ஜூன் பஸ்ஸில் ஒரு செருப்பு அறுந்தது. ஜப்பானிய மொழி வகுப்புக்கு ஒற்றைச் செருப்போடு.

இன்றைய சொல்: ஹட்ஸுகோய். முதல் காதல். "கைகூடாதுன்னு தெரிஞ்சேதான் ஜப்பான்காரங்க அதை ரசிப்பாங்க. படம், பாட்டு, காமிக்ஸ் எல்லாத்துலயும்" என்றார் எங்கள் டீச்சர், சயாமா.

பக்கத்து பெஞ்சு பர்மியப் பையன் கோ தூரா: "அப்ப மாங்காய் ஊறுகாய் மாதிரியா, டீச்சர்?" வகுப்பே சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே.

சனிக்கிழமை ஒசாகா விமானம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. தூராவிடம் மனதில் உள்ளதை இன்னும் சொல்லவில்லை.

புதன்
பெட்டி கட்டல். அம்மா ங்கப்பி மீன் விழுது பாட்டிலை உள்ளே வைக்க, நான் எடுக்க, மறுபடி வைக்க. மீன் நாற்றம் ஒசாகா வரை.

மாலை தங்கை கௌரியோடு ஜப்பான் தொடர், கடைசிப் பகுதி. நாயகன் ஏறிய ரயில் கிளம்பியது. நாயகி வாயே திறக்கவில்லை. கௌரி மூக்கைச் சிந்தினாள். "லூசாக்கா இவ? சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?"

அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

வியாழன்
கடைசி வகுப்பு. தூரா வீடு ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில். வழியனுப்புகிறேன் என்று துறைக்குப் போனவள் படகிலும் ஏறிவிட்டேன். கொட்டும் மழை.

நாங்கள் பேசிக்கொள்ளும் பர்மியப் பேச்சில் சொல்ல வெட்கம். ஜப்பானிய மொழியில் சொன்னேன். பதற்றத்தில் இறந்தகாலம் வந்துவிட்டது: உன்னைப் பிடித்திருந்தது. தொடர்களில் பிரியும்போது அப்படித்தான் சொல்வார்கள், பதில் கேட்காமல்.

தூரா தன் அரைகுறைத் தமிழில்: "அப்ப இப்ப பிடிக்கல?"

"இப்பவும்தான்."

ஆற்றைப் பார்த்தான். காதெல்லாம் சிவப்பு. "எனக்கும், மா செல்வி," என்றான், பெயருக்கு முன் மரியாதை 'மா'வை இப்போதும் விடாமல். "வகுப்புல சேர்ந்த நாள்லேருந்து. ஆனா நீ போ. காத்திருன்னு நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே."

சொல்லவில்லை. நெஞ்சு வலித்தது, சிரிப்பும் வந்தது. டாலா கரையில் டீ, பருப்பு வடை. அவன் ஐந்து, நான் ஆறு.

திரும்பும் படகில் நான் மட்டும். அவன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டினான். முழுக்க நனைந்தான்.

வெள்ளி
தூறல். அம்மா: "நாளைக்கு ஊரை விட்டுப் போறவ, எதுக்குடி பாடிக்கிட்டு இருக்க?"

தூரா போன். மூக்கடைத்த குரல், நடுவில் தும்மல். "நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு வரவா?"

"வா."

"நான் யாருன்னு உங்க அம்மா கேட்டா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அம்மா சமையலறையில் தனியாகத்தான் இருக்கிறாள். தூராவைப் பற்றிச் சொல்ல எழுந்து போகிறேன்.