கிளிப்பச்சை டீசர்ட்டில் கோர்ட்டுக்குப் போன தெரு

அன்பு மகள் நதியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மா ஒச்சாயியும் சுகம், வீடும் இன்றைய தேதிக்கு நின்றுகொண்டுதான் இருக்கிறது. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் தனுஷும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். தாயி, போன திங்கட்கிழமை கோர்ட்டில் ஒரு ஜட்ஜ் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அதற்குக் காரணம் உன் அப்பன்தான். போனில் சொன்னால் உன் அம்மா பாதியில் பிடுங்கி என்னை இன்னும் பெரிய கோமாளியாக்கிவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

ஓடைக்கரையில் நம் தெருவை இடிக்கப்போவதாகக் கார்ப்பரேஷன்காரர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள் அல்லவா, அதற்குத் தடை கேட்டு அனுசுயா என்ற வக்கீல் பெண் காசு வாங்காமல் நமக்காக வழக்குப் போட்டிருக்கிறார். விசாரணைக்கு எல்லோரும் சுத்தமாக உடுத்தி வாருங்கள் என்றார். நானும் பெரிய மனுசன் ஆகிவிடலாம் என்று, எங்கள் கம்பெனியில் எக்ஸ்போர்ட்டுக்கு ஆகாமல் கழித்துப்போட்ட கிளிப்பச்சை டீசர்ட் மூட்டையைக் கேட்டு வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தேன். பெண்கள் வேலைக்குப் போகிறமாதிரியே சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். பஸ்ஸைவிட்டு இறங்கியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அனுசுயா வக்கீல் எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார், அசந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, பாருங்கம்மா, இவங்க யாரும் அந்தத் தெருக்காரங்களே இல்லீங்க, ஆள்புடிச்சு யூனிபார்ம் மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்காங்க என்றார். அன்றைக்குத் தடை கிடைக்காவிட்டால் மறுநாளே பொக்லைன் வந்துவிடும். நல்லவேளை, பக்கத்து வீட்டு சபுரா பீவி எழுந்து என்னைக் கைகாட்டி, ஏனுங்கம்மா, கூலிக்கு வந்திருந்தா நல்ல சட்டையாத் தந்திருக்க மாட்டாங்களா, இது கழுத்துக் கோணுன ரிஜக்ட்டுங்க, இந்தச் சந்தனண்ணன் பண்ணுன கூத்து, எங்க ஊட்டு ஜன்னல் திரை, தலகாணி உறை, கரித்துணி எல்லாமே இப்படிக் கழிச்சதுதானுங்க, சந்தேகமிருந்தா வந்து பாருங்க என்றது. அப்போது சிரித்தவர்தான் ஜட்ஜ் அம்மா. இரண்டு தரப்பிலும் சேராத ஒரு வக்கீலை நம் தெருவுக்கு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி, அதுவரை ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த வக்கீல் நேற்று வந்தார். கை கழுவியதும் உன் அம்மா துடைக்க நீட்டினாளே ஒரு துணி, அதுவும் பச்சை. மனிதர் அதையும் எழுதிக்கொண்டார்.

தனுஷுக்கு இரண்டு டீசர்ட் அனுப்பியிருக்கிறேன், ஒரு கை கொஞ்சம் நீளம், மடித்துவிடு. மாப்பிள்ளையிடம் கடையில் வாங்கியது என்று சொல். நேரத்துக்குச் சாப்பிடு, இடுப்பு வலிக்கு டாக்டரைப் பார்க்க மறக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உத்தரவு எழுதுவதற்கு முன் ஜட்ஜ் அம்மா என்னைப் பார்த்து, பெரியவரே, வீட்டை இடித்தால் போக வேறு இடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லீங்கம்மா என்றேன். மாடி அறை சும்மாதான் கிடக்குது, ரெண்டு பேரும் வந்திருங்கப்பா என்று போனில் நீ அழுதுகொண்டே சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. அதை மட்டும் நான் வாய்திறந்து சொல்லவில்லை.

உன் அப்பா,
சந்தனம்