பெரியத்தான் மாட்டிய ஆல்ட்டர்னேட்டர்

ஜூலை 7, திங்கள்
விடியும்போதே காற்று. ஆரல்வாய்மொழிக் காற்றில் துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டில்தான் எடுக்கணும். மகள் அனுவின் பாவாடை இரண்டைக் காணோம்.

காருக்கு மறுபடி புது ஆல்ட்டர்னேட்டர். ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது. போன வாரம் மாட்டியது ஐந்தே நாளில் படுத்துவிட்டது. மாட்டுவது இவருடைய அண்ணன், பெரியத்தான். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். போன தடவை மாதிரியே, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிக் காட்டினார். என்னிடம் நேரே பேச மாட்டார், அவர் அம்மாவிடம்தான், அதாவது மாமியிடம். "பாத்தியாம்மா, வயரு இல்லாமலே ஓடுகு. சாமானம் நல்லதுதான். ஓட்டுகவங்களுக்குத்தான் ஓட்டத் தெரியல."
நான் டீ போட்டேன்.

8, செவ்வாய்
சாரல். கேட் தாண்டும்போதே காரில் பேட்டரிக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. வெள்ளமடத்தில் வண்டி நின்றது.

நாகர்கோவில் தெரபி கிளாஸ் போச்சு, இரண்டாவது தடவை. வெள்ளிக்கிழமையும் போகாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்கு. அனுவுக்கு ஆறு வயசு, நடக்க வராது. பஸ்ஸில் தூக்கி ஏற்ற என் இடுப்பு விடாது.

தோஹாவில் வேலை பார்க்கும் இவர், போனில்: "அண்ணன்ட்ட ஒண்ணும் கேக்காண்டாம், கேட்டியா? மனசு நொந்துபோகும்."
என் மனசு மட்டும் எருமைத்தோலா?

10, வியாழன், மத்தியானம்
பேட்டரியை வெளியே சார்ஜ் போட்டு, வடசேரி கார் எலக்ட்ரீஷியனிடம் போனேன். எஞ்சின் ஓடும்போது மீட்டரில் 12.1 வோல்ட். பதினாலு வரணுமாம். ஆல்ட்டர்னேட்டரைப் பிரித்தார். உள்ளே டயோடு என்ற சின்ன பாகம் கருகியிருந்தது. "ஓடும்போ பேட்டரி வயர யாராச்சும் களத்துனாவளா? அப்பிடிச் செஞ்சா புதுசும் போயிரும்."
நல்லாயிருக்கு என்று காட்டிக் காட்டியே பெரியத்தான் இரண்டையும் தீர்த்திருக்கிறார். சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை.
டயோடு மாற்றியாச்சு. 14.2.

அன்றே, சாயங்காலம்
எனக்கு முன்னால் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. பெரியத்தான் ஸ்பேனரோடு வாசலில். "அம்மா, ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. வடசேரிக்காரன் வேலையப் பாப்போம்."
செய்தேன், பயத்தில். ஸ்பேனர் பேட்டரிக்குப் போனதும் இறங்கி ஓடி, குறுக்கே கை வைத்தேன்.
"களத்தாதீங்க பெரியத்தான். இதுலதான் ரெண்டும் போச்சு."
"ஏட்டி!" என்றார் மாமி.
ஏழு வருஷத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ எனக்கு வேலை தெரியாதா?"
"இது தெரியல."
எஞ்சினை அணைத்தார். நிதானமாக இரண்டு வயரையும் கழற்றினார். போன மாசம் அவர் வாங்கித் தந்த பேட்டரி. தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அனு கேட்கிறாள், நாளைக்கு கிளாஸ் உண்டாம்மா?
உண்டு என்று சொல்லிவிட்டேன்.