அப்பாவின் குளத்தில் குறைந்த தண்ணீர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

குளம் என்ன ஆச்சு என்று போனில் கேட்டாய், அப்பா பக்கத்திலேயே இருந்ததால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். பக்கவாதம் வந்த காலுக்குத் தண்ணீரில் நடப்பது நல்லது என்று டாக்டர் சொல்லித்தானே வீட்டுக்குப் பின்னால் அந்தச் சின்ன நீச்சல் குளத்தைக் கட்டினோம், அப்பா நாலைந்து தடவைகூட இறங்கியிருக்க மாட்டார், தண்ணீர் குறைய ஆரம்பித்துவிட்டது. காலையில் பார்த்தால் ஒரு சாண் காணாது. கட்டியவரைக் கேட்டால் வெயிலுக்கு ஆவியாகுதும்மா, பயப்படாதீங்க என்று ஒரே பாட்டு. உன் தங்கை விடுவாளா, ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியிலேயே வைத்தாள், ரெண்டும் ஒரே வெயில்லதானே காயுது, பார்ப்போம் என்றாள். மறுநாள் வாளியில் ஒரு விரல்கூட இறங்கவில்லை, குளத்தில் வழக்கம்போலப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான், பைப் பதித்த அதே பிளம்பர் வந்தார். மோட்டாரை நிறுத்தி வைத்த நாளில் கொஞ்சமாகவும் ஓடவிட்ட நாளில் மளமளவென்றும் குறைந்ததைப் பார்த்துவிட்டு, குளத்தில் விரிசல் இல்லை, ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் பைப்பில்தான் கோளாறு, அது தரைக்கடியில் சுற்றிப் போகிறது, எந்த இடம் என்று தெரியாததால் டைல்ஸை முழுக்கப் பெயர்க்க வேண்டும் என்றார். இதற்குள் அப்பாவின் வலது கால் பழையபடி விறைத்துக்கொண்டது.

பக்கவாதத்துக்கு அப்புறம் பேச்சும் சரியாக வராதே, இத்தனை நாளும் அவர் என்னிடம் மூ, மூ என்று எதையோ சொல்லப் பார்த்தார். மூச்சு முட்டுதா என்று பதறி டாக்டரைக் கூப்பிட்டேன். மூட்டு வலியா என்று முழங்காலில் தைலம் தேய்த்தேன். இல்லை இல்லை என்று தலையாட்டிக் கடைசியில் பேச்சையே விட்டுவிட்டார், என் பக்கம் திரும்பிக்கூடப் படுக்கவில்லை. பிளம்பர் உளியைக் கையில் எடுத்ததும் எழுந்தார். பிடிக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டு, ஊன்றுகோலோடு மோட்டார் அறை ஓரமாகப் போய் நின்று, கோலால் தரையைத் தட்டி, மூலை என்றார். முழுசாக, தெளிவாக. அங்கேயே பெயர்த்தார்கள். பைப் திரும்புகிற இடத்தில் பசையே தடவாமல் சொருகியிருந்தது, கழன்று சேற்றில் கிடந்தது. பைப் பதித்த அன்று மழை பிடித்துக்கொள்ள, பிளம்பர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியதை அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், ஜன்னலைக் காட்டி அப்போதுதான் புரியவைத்தார். பிளம்பர் தலையில் கை வைத்துக்கொண்டு, மறந்தே போயிட்டேன் ஐயா, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சொல்லிக்கொண்டுதானே இருந்தார்.

இப்போது தண்ணீர் நிற்கிறது. நேற்று மார்பளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரை வரை போனார். காலை இழுத்துத்தான் வைக்கிறார், டாக்டரும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நோய்நொடி அண்டாமல், மனசில் குறையில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணா. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அப்பாவிடம் கொடுக்கிறேன். வார்த்தை வர நேரமாகும், நீயும் என்னைப் போல எடுத்துக் கொடுக்காதே, லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு. அவரே சொல்லி முடிக்கட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா