கொடியில் காயப்போட்ட படம்

உசிலம்பட்டி
20-3-86

அன்பு மகன் முத்திருளனுக்கு அப்பா எழுதுவது. பம்பாயில் உன் உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். இங்கே எங்களுக்கும் உடம்பு பரவாயில்லை, உன் அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. மழை ஏமாற்றிவிட்டதால் சந்தையில் மாட்டை வாங்குகிறவர்களைவிட விற்கிறவர்கள்தான் அதிகம், நம் கடையில் பருத்திக்கொட்டை அப்படியே கிடக்கிறது. நல்ல சேதியாக நாலு எழுதிவிட்டு மற்றதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், வேறு நல்ல சேதி ஒன்றும் தோன்றவில்லை.

ஜெயக்கொடிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, கூப்பிட்டால் ஏன் என்று கேட்பதில்லை, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு சொல்லாமல் ரயிலேறிவிட்டாள், மதுரையில் ஏதோ பெண்கள் விடுதியில் இருக்கிறாள் என்று இத்தனை மாசம் கழித்துத்தான் தெரிந்தது, போய்க் கூட்டிவந்து திரும்ப அனுப்பிவையுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். நான் அதை அப்படியே நம்பினேன். பெற்ற பிள்ளை எழுதியதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவேன். சலவை வேட்டி கட்டிக்கொண்டு, பேத்திக்கு ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு, கையோடு கூட்டிவந்துவிடுகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. புருஷன் அடி தாங்காமல் வெளியேறிய பெண்கள் பிள்ளைகளோடு அங்கே தங்குகிறார்கள். வாரம் ஒருநாள் ஷரீபா என்கிற டிராயிங் டீச்சர் வந்து அவர்களைப் படம் போடவும் களிமண்ணில் உருவம் செய்யவும் வைக்கிறார். நான் போனது அந்த நாளாகப் போயிற்று. கூடத்தில் பெண்கள் எல்லாம் கையில் வர்ணமும் மண்ணுமாக இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. குடும்பத்துப் பொம்பளைகள வீட்டுக்கு அனுப்பாம இங்க என்னம்மா வெளையாட்டுக் காட்டுறீக, எம் மகன் தங்கம், எம் மருமகளக் கூப்பிடுங்க என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன். அந்தம்மா கோபப்படவில்லை. உக்காருங்கண்ணே, அவுகளே வந்து பேசுவாக என்று ஒரு பெஞ்சைக் காட்டினார். மண் பிசைந்துகொண்டிருந்த ஒருத்தி மட்டும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள், அவள் பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பெஞ்சில் இருந்தபடியே அவர்கள் செய்வதைப் பார்த்தேன். தரையில் பெரிய காக்கித்தாளை விரித்து ஒருத்தி அதில் மல்லாந்து படுத்துக்கொள்கிறாள், இன்னொருத்தி அவள் உடம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்கிறாள். பிறகு எழுந்து, எங்கே வலித்தது, எங்கே பயம் இருக்கிறது, எங்கே தெம்பு இருக்கிறது என்று தனக்குத் தோன்றிய வர்ணத்தை அந்த உருவத்துக்குள் பூசிக்கொள்ளலாம். சரி, தப்பு என்று யாரும் சொல்வதில்லை. வாயால் சொல்லமுடியாததைக் கை சொல்லிவிடும் என்றார் அந்த டீச்சர். வரைந்த தாள்களை முற்றத்தில் துணி காயப்போடுகிற கொடியில் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கேதான் ஜெயக்கொடி முதுகு காட்டி நின்றாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன், அப்போதும் திரும்பவில்லை. மகன் எழுதியது சரிதான், திமிர் என்று நினைத்தேன். நம் பேத்தி ஒச்சம்மா ஓடிப்போய் அவளுக்கு வலது பக்கமாக நின்றுகொண்டு, அம்மா, சீயான் வந்திருக்காரு என்று சொன்ன பிறகுதான் திரும்பினாள். அவள் பின்னால் அவள் படம் தொங்கியது. இடது காது இருக்கவேண்டிய இடத்தில் கருப்பை அப்பியிருந்தாள். அந்தக் கருப்புக்கு நடுவில் மஞ்சளில் சின்னதாக ஒரு சிங்கமுகம். கல்யாணத்தன்று உன் வலது கையில் நானே போட்டுவிட்ட சிங்கமுக மோதிரம் எனக்குத் தெரியாதா தம்பி. ஒருத்தரும் எனக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எம் மகன் தங்கம் என்று சத்தம் போட்ட வாயோடு அந்தப் பெண்கள் நடுவில் நின்றேன், பழச்சீப்பை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

அந்தக் காது இனிக் கேக்காதாம் மாமா, ஆஸ்பத்திரியில சொல்லிட்டாக என்று அவள்தான் சொன்னாள், அழவில்லை. வந்த புதிதில் தாள் முழுக்கக் கருப்பாகவே பூசினாளாம், முகம் போடவே கை வரவில்லையாம். மாசக்கணக்கில் வரைந்து கிழித்து, இப்போதுதான் கண்ணும் வாயும் போட்டிருக்கிறாள். கால் இரண்டுக்கும் நல்ல பச்சை பூசியிருந்தாள். அது ஏம்மா என்று கேட்டேன். அந்தக் காலுதான மாமா என்னைய இங்க கொண்டாந்து சேத்துச்சு என்று சிரித்தாள். நம் வீட்டில் இருந்த நாளில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நீ அவங்கிட்டப் போக வேணாம்மா என்றேன், பெரிதாக அனுமதி கொடுக்கிறவன் மாதிரி. நீங்க சொல்லாட்டியும் நான் போகப்போறதில்ல மாமா, ஆனா நான் கிறுக்கி இல்லேனு நீங்க நம்ம சனத்துக்கு முன்னால சொல்லணும், அதுபோதும் என்றாள்.

அதற்கும் நாள் வந்தது. சங்கிலி சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து, சொந்தம் பூராவும் வந்திருந்தது. பந்தியில் உன் அத்தை, கிறுக்கு மருமக என்ன ஆனா அண்ணே என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டாள். இலையை மூடிவிட்டு எழுந்தேன். எம் மருமக கிறுக்கி இல்ல, எம் மகன் அடிச்சதுல அவளுக்கு ஒரு காது போச்சு, அதை மறைக்கத்தான் இம்புட்டுப் பொய்யும் என்று சொன்னேன்.  தலை குனிந்தபடி வெளியே வந்தேன், செருப்பைத் தேடக்கூட இல்லை. பெத்த பிள்ளைய இப்பிடிச் சந்தியில இழுத்து விடுவாகளா என்று உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளாகவே கிளம்பித் தெப்பக்குளத்துக்குப் போய்வந்தாள். வந்ததும் உன் கல்யாணப் போட்டோவை மட்டும் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவில் வந்து நீயே கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறாய். அந்த விடுதிப் பக்கம் போகாதே. போனால் வாசலில் உன்னை மறிக்க நான் நிற்பேன். அவள் கேஸ் போட்டு வக்கீல் கூப்பிட்டால் கோர்ட்டுக்கு வந்து பார்த்ததைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பார்க்க வருவதானால் வா, வீடு உன் வீடுதான், ஆனால் அவள் மேல் ஒரு குறை சொல்லாமல் வா. நடந்ததை உள்ளபடி எழுது, இதைத் தட்டிக்கழிக்காதே. நீ குடிக்கிறாய் என்றால் குடியை விடு, குடிக்காமல் அடித்தாய் என்றால் அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பெற்றவன் வாழ்த்தாமல் கடிதத்தை முடிக்கக் கூடாது என்கிறாள் உன் அம்மா. உனக்கு ஒரு நோய்நொடி வரக்கூடாது. உன் கையால் இன்னொருத்தருக்கு வலி வரக்கூடாது. நம் குலசாமி அங்காள ஒச்சாண்டம்மா அதற்குத் துணை நிற்கட்டும். வேளைக்குச் சாப்பிடச் சொல்லு என்று அடுப்படியிலிருந்து சொல்கிறாள், அதையும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா என்று எழுதக் கூசினாலும், உன் அப்பாதான்,
மொ. பேயாண்டி