சீவிய தலையும் தீட்டிய கன்னமும்

நேற்று மண்டபத்தில் நுழைந்ததுமே புது வார்னிஷ் வாடை. வெள்ள நிவாரணக் கமிட்டியார் கடல் கடந்து போய் உதவியதைக் காட்டும் படக் கண்காட்சி. நம் ஸ்டூடியோவிலும் அதே வாடைதான் என்பதால், நீ பக்கத்தில் நிற்பதாக ஒரு கணம் நம்பிவிட்டேன். பிறகு நீ எடுத்த செவந்தியின் படத்தைப் பார்த்தேன். அவள் நீ எடுத்தபடி இல்லை.

தலை சீவாமல் யாரையும் படம் எடுக்க மாட்டாய் நீ. மூட்டை தூக்குகிறவர் வந்தாலும் கண்ணாடியும் சீப்பும் கொடுத்துவிட்டுத்தான் காமிராவைத் தொடுவாய். பினாங்கு சூலியா தெருவில் உன்னைச் சீப்புக்காரன் என்றே கேலி செய்தார்கள். கமிட்டியாரோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியபோதும் பெட்டி நிறையச் சீப்பு. நானும்தான் சிரித்தேன்.

காய்ச்சலோடு திரும்பி வந்து படுத்தபடியே, நான் கழுவிய கண்ணாடித் தகட்டில், நிவாரணக் கஞ்சிக்கு வந்த செவந்தியைக் காட்டினாய். கஞ்சி ஊற்றுவதற்கு முன்பே, வெறும் சட்டியை ஏந்தியபடி அவளைப் படத்துக்கு நிற்கச் சொன்னார்களாம் கமிட்டியார். "மொதல்ல சாப்பிடட்டும்" என்று காமிராவைத் துணியால் மூடிவிட்டாய். அவள் சாப்பிட்டாள், தலை வாரினாள், பிறகு உன்னிடம் கேட்டாள்:

"எங்க வூட்டுக்காரரு பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருக்காரு. இத அவரு பாப்பாருங்களா? பாத்தா பயந்துடக் கூடாதுங்க."

அவர் பெயரையும் கேட்டு வந்தாய். தேடிப் போவதற்குள் கண்ணை மூடிவிட்டாய். தகடுகளைக் கமிட்டியார் வாங்கிப் போனார்கள்.

நேற்றுச் சுவரில் இருந்தவளுக்குக் கன்னம் குழி விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. சீவிய தலையைக்கூட விடாமல் கலைத்துவிட்டிருந்தார்கள். எல்லாம் படத்தின் மேல் தூரிகையால் தீட்டிய மை. பாவிகள்!

கமிட்டிக் காரியதரிசியிடம் ஏன் என்று கேட்டேன்.

"மொகம் தெளிவா இருந்தா எவன் தம்பி காசு போடுவான்? நல்ல காரியத்துக்குத்தானே லா. நாளைக்கு அக்கரையில தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்துப் பக்கமும் கொண்டு போறோம்."

தோட்டத்துக்கு! அவள் புருஷன் கண்ணில் பட்டுவிட்டால்!

படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்க. சாப்பிட்ட பொண்ண யாரு பட்டினி போட்டதுன்னு அவங்களே விசாரிக்கட்டும்."

அவர்கள் அரிசி கொடுத்தது உண்மை. அதை நான் குறை சொல்லவில்லை. கொடுத்த கஞ்சியை அவள் முகத்திலிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லித் தீர்ப்பேன்?

மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். கேட்கிற உத்தேசமில்லை. ஈரப் பஞ்சால் மையைத் துடைத்துவிட்டேன். செவந்தி நீ எடுத்தபடியே இருக்கிறாள். இன்று படகேறி அக்கரைக்குப் போகிறேன். நீ கேட்டு வந்த பெயரைச் சொல்லித் தோட்டம் தோட்டமாக விசாரிப்பேன். அந்த மனிதரைக் கண்டதும் படத்தைக் கையில் கொடுத்து, நீ சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்வேன்:

"பயப்படாதீங்கண்ணே. சாப்பிட்டுட்டுத்தான் படம் எடுத்துக்கிட்டாங்க."