நூற்றுப் பதினேழாம் படிவம்

ஜூன் 4

கண்ணாடியைத் தேடியதில் காலைப் பேருந்து போய்விட்டது. "கண்ணாடி எங்கே?" என்று மனைவியைக் கேட்டேன். என் நெற்றியைக் காட்டினாள். மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் பார்ப்பவள்; தேவைக்கு மேல் ஒரு சொல் சிந்த மாட்டாள். மகள் வெளியூரில் படிக்கப் போனபின் வீடு நூலகம்போல் இருக்கிறது. எனக்கு வசதி.

துறைத்தலைவர் கூப்பிட்டு, புதிய பாடநூலின் முதல் அத்தியாயத்தை என் தலையில் கட்டினார். தலைப்பு: 'சமூகவியல் ஒரு அறிவியலே'. முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, ஆதாரம்தான் பாக்கி. "எதிர்க் கட்டடத்து இயற்பியல்காரங்க நம்மளப் பாத்துச் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். ஒரு அறிவியலுக்கு இதைவிடப் பலமான அடித்தளம் வேண்டுமா என்ன?

ஜூன் 9

மூன்று பக்கம் நகர்ந்தது. எங்கள் துறையின் முன்னோர்கள் எல்லாரும் தாடிக்காரர்கள். எல்லாரும் அடுத்தவருக்குத் தலைவலி கொடுத்தவர்கள். ஒரு கட்சி சொல்கிறது: சமூகம் என்பது ஆட்களின் கூட்டுத்தொகை அல்ல, நமக்கு வெளியே நின்று நம்மை அழுத்துகிற ஒன்று. எனவே கல்லைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார், அளந்து பார், உன் விருப்பு வெறுப்பை வாசலில் கழற்றி வை. மறு கட்சி சொல்கிறது: ஏன் உருண்டாய் என்று கல்லைக் கேட்க முடியாது, மனிதனைக் கேட்கலாமே. தன் செயலுக்கு அவன் என்ன அர்த்தம் வைத்திருக்கிறான் என்று தெரியாமல் அளந்து என்ன பயன்?

நான் பிறந்ததிலிருந்தே முதல் கட்சி. கேட்டால் மனிதன் பொய் சொல்வான். கல் சொல்லாது.

மறு கட்சிக்கு எங்கள் துறையில் ஒரே உறுப்பினர், போன வருடம் சேர்ந்த விரிவுரையாளர். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்பதால் 'ஏன் மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்பார்.

ஜூன் 17

அத்தியாயத்துக்கு உயிருள்ள உதாரணம் வேண்டும். 'வீட்டுக்குள் பேச்சு' என்று ஒரு கணக்கெடுப்பு. எங்கள் குடியிருப்பிலேயே, நாலு வீட்டுக்கு ஒரு வீடு. படிவத்தில் பெயர் கிடையாது, எண்ணும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் ஒட்டிய உறையில் துறைத்தலைவரின் அலமாரிக்குள் இருக்கும். மாணவர்கள்தான் வீடுகளுக்குப் போவார்கள். நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். தனிமை என்பது தனி ஆளின் மனக்குறை அல்ல, சமூகம் செய்கிற வேலை என்று எண்களால் நிறுவப் போகிறேன்.

சாப்பிடும்போது மனைவிக்கு இதை விளக்கினேன். "நாங்க தெனமும் காலைல, ரிசல்ட் முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள் ஒன்ன மெஷின்ல வெச்சுப் பாப்போம். மெஷின் சரியாச் சொல்லுதான்னு. உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா?" என்றாள். நல்ல கேள்வி. பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது, எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 2

இருநூற்று நாலு படிவங்கள் வந்துவிட்டன. பதில்களை எண்களாக மாற்றும் வேலை. பெரும்பாலும் உப்புச்சப்பில்லாத பதில்கள். ஆனால் 117 — தங்கம்!

வீட்டில் அதிகம் பேசுவது யார்? 'ஃபிரிட்ஜ்.'
நேற்று வீட்டில் உங்களுடன் பேசிய நிமிடங்கள்? '0.'
வீட்டில் உங்களிடம் கடைசியாகக் கேட்கப்பட்ட கேள்வி? 'கண்ணாடி எங்கே.'
ஓராண்டுக்குள் இடம் மாறும் எண்ணம் உண்டா? 'உண்டு. தனியாக.'

இதைவிட அப்பட்டமான சமூக உண்மை கிடைக்குமா? பேச்சு: 0. இடப்பெயர்வு: 1. கட்டங்களை நிரப்பிவிட்டு ஒரு தேநீர் குடித்தேன்.

ஜூலை 6

ஏன் மேடம் 117ஐப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சார், இவங்க பூஜ்யத்த 'ஓ'ன்னு படிச்சிடக் கூடாதுன்னு குறுக்க கோடு போடுறாங்க. லேப், கம்ப்யூட்டர்னு எங்கயோ வேலை செய்றவங்க. 'தனியாக'ன்னு ஏன் எழுதினாங்க? போய்க் கேக்கலாமே?"

கையெழுத்தைப் பார்த்துப் பலன் சொல்ல ஜோசியர்கள் இருக்கிறார்கள், நமக்கு எண் போதும் என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஜூலை 8

சர்க்கரை பார்க்க மனைவி என்னிடம் ரத்தம் எடுத்தாள். "கைய நீட்டுங்க." நீட்டினேன். இன்றைய உரையாடல் முடிந்தது.

ஜூலை 11

கருத்தரங்கில் 117ஐத் திரையில் போட்டேன். ஃபிரிட்ஜ் பதிலுக்கு அரங்கமே சிரித்தது. இயற்பியல்காரர்கள்கூடச் சிரித்தார்கள், இந்த முறை எங்களைப் பார்த்து அல்ல. "இந்தப் பெண் யார் என்பது முக்கியமில்லை. யாராக இருந்தாலும் இதே அழுத்தம், இதே விளைவு" என்று முடித்தேன். பலத்த கைதட்டல். துறைத்தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஜூலை 12

தண்ணீர் எடுக்கப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு: 'சர்க்கரை 140. இனிப்பைக் குறைக்கவும்.'

பூஜ்யத்துக்குக் குறுக்கே கோடு.

நாலு வீட்டுக்கு ஒரு வீடு — எங்கள் வீடும் நாலாவதாக விழுந்திருக்கிறது. இருபத்துநாலு வருடமாக இந்தக் கையெழுத்து இந்த வீட்டில் கிடக்கிறது. சீட்டுகளில் எண்ணை மட்டும் பார்ப்பேன், கிழித்துப் போடுவேன். அளக்கத் தெரிந்த மகாமேதை!

நேற்று இருநூறு பேர் சிரித்தார்கள். சிரிக்க வைத்தது யார்? நான்தானே?

'உண்டு. தனியாக.' இதற்கு ஒன்று என்று போட்டுவிட்டுத் தேநீர் குடித்திருக்கிறேன்.

ஜூலை 13

விதிப்படி 117 யார் என்பது எனக்குத் தெரியவே கூடாது. தெரிந்தாலும் காட்டிக்கொள்ளக் கூடாது. விதிகளை எழுதியது நான். பத்தொன்பது விதிகள், ஓட்டை இல்லாமல்.

வேறு வழியில்லாமல் ஏன் மேடத்திடம் சொன்னேன். பழிவாங்க அருமையான வாய்ப்பு, அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "117ஐக் கேக்காதீங்க சார். உங்க வீட்டம்மாவக் கேளுங்க. அதுக்கு எந்த விதியும் குறுக்க வராது." முதல் முறையாக அவர் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 14

கேட்டேன். வேறு ஊருக்குப் போகும் எண்ணம் உண்டா என்று. காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"பிப்ரவரிலயே டிரான்ஸ்ஃபருக்கு எழுதிக் குடுத்துட்டேன். பொண்ணு படிக்கிற ஊருக்கு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"சொன்னேன். 'ம்'னீங்க."

"அப்ப ஃபாரத்துல மட்டும் எதுக்கு எழுதினே?"

இப்போது கத்தி நின்றது. "ஃபாரம் கொண்டுவந்த ஸ்டூடண்ட் பொண்ணு கேட்டுச்சு. கேட்டுட்டு, நான் எழுதி முடிக்கிற வரைக்கும் எதிர்லயே உக்காந்திருந்துச்சு. இந்த வீட்டுல யாரு அப்படி உக்காந்திருக்கா?"

கருத்தரங்கில் அந்தப் படிவத்தைக் காட்டியதைச் சொன்னேன். "சிரிச்சாங்களா?" என்றாள். சிரிச்சாங்க என்றேன். "அது சிரிக்கிறதுக்கு எழுதினதுதான்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில், நறுக்கிய வெங்காயத்துக்கு முன்னால் நின்று அழுவதில் ஒரு சௌகரியம் உண்டு. யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அவள் கேட்டாள்.

போகாதே என்றேன். "சாம்பிள் கெட்டுப்போனா திரும்பத்தான் எடுக்கணும். பழசையே உத்து உத்துப் பாத்தா ரிசல்ட் மாறாது" என்றாள். இதற்குப் போகிறேன் என்று அர்த்தமா, வா என்று அர்த்தமா? அர்த்தம் கேட்பது மறு கட்சியின் வேலை. எனக்குப் பழக்கமில்லை.

ஆகஸ்ட் 3

போய்விட்டாள். பெட்டிகளை வண்டியில் ஏற்றியது நான்தான்.

ஃபிரிட்ஜ் உண்மையிலேயே நிறையப் பேசுகிறது.

ஆகஸ்ட் 19

அத்தியாயத்திலிருந்து 117ஐ எடுத்துவிட்டேன். தலைப்பில் ஒரு கேள்விக்குறி சேர்த்தேன். தலைவர் அதை அடித்துவிட்டார். மறுபடி சேர்த்தேன். "என்னய்யா, கட்சி மாறிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். வெளியே நின்று அழுத்துவது என்று ஒன்று இருக்கிறது, அதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை. எங்கள் வீட்டில் அந்த வேலையை அது என் கையால் செய்துகொண்டது. அந்தக் கையைத்தான் நான் அளக்கவில்லை.

செப்டம்பர் 27, சனிக்கிழமை

வாராவாரம் அவளும் மகளும் இருக்கிற ஊருக்குப் போகிறேன். இது ஏழாவது முறை. இதை மட்டும் எண்ண அனுமதி உண்டு என்று நானே வைத்துக்கொண்டேன்.

அவசரத்தில் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். நிலையத்தில் ஒரு பலகையும் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவரைக் கேட்டு ஏறினேன். கேட்டால் மனிதன் பொய் சொல்வான் என்று எழுதியவன் நான். சரியான பேருந்தைத்தான் காட்டியிருந்தார்.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "கண்ணாடி எங்க?"

மறந்துவிட்டேன் என்றேன். மகள் உள்ளேயிருந்து சிரித்தாள்.

சமையலறையில் இரண்டு நாற்காலிகள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். அவள் அடுப்பைக் குறைத்தாள், கையைத் துடைத்தாள். தொலைபேசி அடித்து ஓய்ந்தது, என்னுடையதுதான்.

உட்கார்ந்திருந்தேன்.