ஐப்ரோ பென்சிலில் ஒரு விரிசல்

செப்டம்பர் 26, 2010, ஞாயிறு

கால் பரீட்சை லீவு. கெமிஸ்ட்ரியில் என்ன எழுதினேன் என்பதை மறக்கத்தான் லீவு விடுகிறார்கள் போல. நான் அதை முதல் நாளே முடித்துவிட்டேன். மீதி நாளுக்கு வேலை வேண்டாமா?

வேலையை நானே தேடிக்கொண்டேன். மாடியில் அம்மா நடத்தும் ஹாஸ்டலில் மூன்று ரூம், பதினெட்டு அக்காக்கள், எல்லாருக்கும் கம்பெனி வேலை. இன்று மதியம் ஒருத்தர் விடாமல் ஸ்ரீபெரும்புதூருக்குத் துணி எடுக்கப் போய்விட்டார்கள். ரெண்டாம் ரூமில் பூமாரி அக்காவின் கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுகப்பிரியா அக்காவின் ஐப்ரோ பென்சிலால் சீலிங்கில் ஒரு விரிசல் வரைந்தேன். மூன்று முழம் நீளம். நடுவில் ரெண்டு கிளை. பயாலஜி ரெக்கார்டில் நரம்பு வரைந்து வரைந்து கை நன்றாகப் பழகியிருக்கிறது. ரெக்கார்டில் ஆறு மார்க்குக்கு மேல் போடாத மிஸ் இதைப் பார்க்க வேண்டும்.

பூமாரி அக்கா பல்லிக்கே கட்டிலை விட்டு இறங்குகிற ஆள். நாளைக்குத் தெரியும்.

செப்டம்பர் 27, திங்கள்

வெற்றி. ஷிப்ட் முடிந்து வந்து மல்லாந்து படுத்தவள் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் டீ ஆற்றுவது நின்றது.

ஐந்து நிமிஷம் கழித்து ஈரத்துணியோடு போய், துடைத்துக் காட்டி, எல்லாரும் சிரித்து— அதுதான் திட்டம். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் அக்கா ஒரகடத்தில் வேலை செய்யும் அவள் அண்ணன் மாரிராஜுக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் என் அம்மாவுக்குப் போட்டார். தங்கச்சியை இடிந்து விழுகிற கட்டடத்தில் விட்டுவைக்க முடியாதாம். அப்புறம் மூன்று ஊர்களிலிருந்து மூன்று அம்மாக்களின் போன். நான் துணியை மடித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன்.

அம்மா சாப்பிடவில்லை. அப்பா மஸ்கட்டில் இருந்துகொண்டு போனிலேயே கட்டிய மாடி இது. நான்கு வருஷமாக இதற்கு ஒரு நல்ல பேர் இருக்கிறது. அதை நான் ஒரு பென்சிலால் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் 28, செவ்வாய்

சொல்லவில்லை.

பூமாரி அக்கா விரிசலுக்கு அடியில் படுக்க மாட்டேன் என்று அடம். ஜன்னல் மூலையில் பெட்டி படுக்கைகளை அடுக்கியிருந்த இடத்தைக் காலி செய்து, கட்டிலை அங்கே போட்டோம். போன மாசம்தான் சுண்ணாம்பு அடித்தது, அந்த மூலை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. கட்டில் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருத்தி. "பாத்து தூக்குட்டி, கால்ல போட்டுக்காத" என்று பூமாரி அக்காவுக்கு என்மேல் அக்கறை வேறு.

அந்த ஒரு கட்டிலுக்கு ரெண்டு ஆள். பூமாரி அக்கா பகல் ஷிப்ட் போனால் சுகப்பிரியா அக்கா நைட் முடித்து வந்து படுப்பாள். அடுத்த வாரம் மாற்றி. மற்ற கட்டில்களும் அப்படித்தான். அதனால் எப்போது எட்டிப் பார்த்தாலும் ரூமில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். அழிக்கலாம் என்றால் ஆள் இல்லாத நேரமே இல்லை. ஞாயிறு மதியம் வரைக்கும் அந்த விரிசல் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

செப்டம்பர் 30, வியாழன்

ஆறு பேர் வேறு ஹாஸ்டல் பார்க்கிறார்கள். கூரை, கட்டடம் எல்லாம் சோதித்து எழுதித் தருகிற எஞ்சினியர் ஒருவரை ஹார்ட்வேர் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறார். காலை. மதியம் இல்லை. என் ஜாதகம் அப்படி.

அக்டோபர் 3, ஞாயிறு

எஞ்சினியர் பெயர் சுப்பராயன். நான் எதிர்பார்த்தது: தொப்பி, பெரிய மெஷின், ரெண்டு நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டு காபி. வந்தது: டிவிஎஸ் ஃபிப்டி, ஒரு மூங்கில் கழி, சின்னச் சுத்தியல், டார்ச், கேமரா. அம்மா எதிர்பார்த்தது 'எல்லாம் நல்லா கீது' என்று ஒரு லெட்டர். அதை அவரிடமே சொல்லியும் விட்டாள். பார்க்காமல் எழுதுகிற பழக்கம் இல்லை என்றார்.

விரிசலைக் காட்ட அம்மா ரூமுக்குள் நுழைந்தால், அவர் மொட்டை மாடிக்குப் போகிறார். கீழே தெரிவது மேலே ஆரம்பிப்பதாம். எந்த வருஷம் கட்டியது, கம்பி எத்தனை நாள் வெயிலில் கிடந்தது, கடைசியாகச் சுண்ணாம்பு எப்போது அடித்தது என்று கேள்வி கேள்வியாகக் கேட்டார். ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு கேட்டதில்லை. தண்ணீர் வடிகிற குழாய் வாயில் கையை விட்டு ஷாம்பு கவர்கள், ஒரு ஷட்டில்காக், என் பழைய செருப்பு ஒன்றை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். அம்மா செருப்பைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் ஒரு நிஜ விரிசல் இருந்தது. அதன் ரெண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் இன்றைய தேதி எழுதினார். கோட்டைத் தாண்டினால் வளருது, தாண்டலைன்னா தூங்குது என்றார். மூலையில் ரெண்டு தண்ணி டேங்க். ஒன்று எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே மட்டும் கால் மணி நேரம் குந்தியிருந்தார்.

அப்புறம்தான் ரெண்டாம் ரூம். ஏணி போட்டு ஏறி என் விரிசலைப் பார்த்தார். விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"விரிசல்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்காதுமா" என்றார் அம்மாவிடம். அவ்வளவுதான். யார் என்று கேட்கவில்லை. என் காது மட்டும் சூடாகிவிட்டது.

இறங்கி, மூங்கில் கழியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனார். தர்பூசணி வாங்குகிற மாதிரிதான். டங், டங், டங். நடு ரூம் முழுக்க டங். ஜன்னல் மூலைக்கு வந்ததும் டொப். மறுபடியும் டொப். அவர் முகம் மாறிவிட்டது. அந்த மூலைக் கட்டிலில் நைட் ஷிப்ட் முடித்த சுகப்பிரியா அக்கா போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ண எழுப்புங்க. இப்பவே."

கட்டிலை இழுத்தோம். எல்லாரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, தானா விழறதுக்கு முன்னாடி நாமளே தட்டிடலாம் என்று தள்ளி நின்று கழியால் குத்தினார். ஒரு முறம் அளவுக்குப் பூச்சு அப்படியே வந்தது. தலையணை இருந்த இடத்தில். மேலே கம்பி துருப்பிடித்து உப்பிப்போய்த் தெரிந்தது. டேங்க் சொட்டச் சொட்ட உள்ளே இறங்கிய தண்ணீர். மேலே பளிச்சென்று சுண்ணாம்பு.

பூமாரி அக்கா கிட்டே வந்து விழுந்த பூச்சைக் காலால் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் நடுச் சீலிங்கைக் கும்பிட்டாள். எங்க சங்கரன்கோவில் கோமதி அம்மன்தான் கோடு போட்டு எஞ்சினியரை வரவச்சிருக்கா என்றாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அம்மன் ஐப்ரோ பென்சில் வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் சாமி.

அந்தக் கட்டிலை அங்கே தூக்கிப் போட்டது எந்தச் சாமி?

அக்டோபர் 6, புதன்

ரிப்போர்ட் வந்தது. போட்டோவோடு நான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ். சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, ப்ளஸ் ஒன் படிக்கிற பொண்ணு தமிழ்ல சொல்லட்டும் என்றாள் அம்மா பெருமையாக.

ஒன்று: மூலையை உடனே காலி செய்ய வேண்டும். ரெண்டு: டேங்குகளை இடம் மாற்ற வேண்டும். மூன்று: அந்தப் பகுதியைக் கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து மறுபடி பூச வேண்டும். நான்கு: மழைக்கு முன் வடிகுழாயைச் சரிசெய்ய வேண்டும். மற்ற கூரை நன்றாக இருக்கிறது, கைப்பிடிச் சுவர் காத்திருக்கலாம். எது அவசரம், எது இல்லை என்று தனித்தனியாகப் போட்டிருந்தார். அம்மாவுக்கு மூச்சு வந்தது.

ஐந்தாவதைப் படிக்காமல் தாண்டினால் ஒருத்தருக்கும் தெரியாது. இங்கிலீஷை இதுவரை இவ்வளவு நேசித்ததில்லை.

படித்தேன். 'நடுவில் உள்ள கோடு விரிசல் அல்ல. பென்சிலால் கையால் வரைந்தது. அதை நம்பி ஆட்களைப் பாதுகாப்பான இடத்திலிருந்து ஆபத்தான இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.'

"வரைஞ்சது நான்தான்" என்றேன். ரிப்போர்ட்டில் இருக்கிற மாதிரியே அதே குரலில்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். "இசைவாணின்னு பேரு வச்சேன். இம்சைவாணியா வந்து நிக்கிற" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள். அடித்திருக்கலாம். சுகப்பிரியா அக்கா அப்பவே தெரியும்டி, பென்சில் மொக்கையா கெடந்துச்சு என்றாள். பாதி சிரிப்புதான் அது.

பூமாரி அக்கா சிரிக்கவில்லை.

"நீயுந்தானேட்டி கட்டில் தூக்குன."



அக்டோபர் 7, வியாழன்

சுகப்பிரியா அக்காவுக்குப் புது ஐப்ரோ பென்சில் வாங்கிக் கொடுத்தேன். பூமாரி அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறிப் போனாள்.

அக்டோபர் 12, செவ்வாய்

டேங்க் ரெண்டையும் இறக்கியாச்சு. புது இடத்தில் மேடை காயும் வரை மாடிக்குக் குழாயில் தண்ணீர் கிடையாது. கீழே இருந்து யார் சுமப்பது என்று அம்மா கேட்கக்கூட இல்லை, ரெண்டு வாளியை என் முன்னால் வைத்தாள். பதினெட்டு அக்காக்கள். ஸ்கூலுக்கு முன் பதினாறு நடை, வந்த பிறகு பதினாறு நடை. தண்ணி காட்டுவதில் கெட்டிக்காரி என்று கிளாஸில் எனக்குப் பேர் உண்டு. இப்போது நிஜமாகவே காட்டிக்கொண்டிருக்கிறேன்.

பூமாரி அக்காவின் வாளியை மட்டும் முதலில் நிரப்புகிறேன். அவள் அதைத் தொடாமல் தானே போய் எடுத்து வருகிறாள்.

அக்டோபர் 16, சனி

ஆயுத பூஜை. மூலையில் பூச்சு வேலை முடிந்தது. சுப்பராயன் சார் வந்து தட்டிப் பார்த்தார். டங். இந்த வருஷம் நான் கேட்டதிலேயே நல்ல சங்கீதம். வேறு இடம் பார்த்த ஆறு பேரில் ரெண்டு பேர் போய்விட்டார்கள். நாலு பேர் இருக்கிறார்கள். மாரிராஜ் அண்ணன் நேரில் வந்து ரிப்போர்ட்டை முழுக்கப் படித்துவிட்டு, தங்கச்சி இங்கேயே இருக்கட்டும் என்றார். ஐந்தாவதைப் படிக்கும்போது என்னை ஒரு தடவை பார்த்தார். நான் சுகப்பிரியா அக்கா கம்பெனி பூஜையிலிருந்து கொண்டுவந்த பொரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பூமாரி அக்காவும் பொரி கொடுத்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள், என் பங்கை அம்மாவிடம் கொடுத்தாள்.

அக்டோபர் 19, செவ்வாய்

ஸ்கூல் விட்டு வந்து பையை எறிந்துவிட்டுப் படுத்தேன். என் கட்டிலுக்கு நேர்மேலே, சீலிங்கில் ஒரு விரிசல்.

யார் என்ன சொன்னாலும் சரி— முதலில் உருண்டு இறங்கினேன். கட்டிலை நடு ஹாலுக்கு இழுத்தேன். துடைப்பக் கட்டையால் தட்டினேன். டங். இன்னொரு தடவை. டங். ஸ்டூல் போட்டு ஏறி விரலால் தொட்டேன். விரலைப் பார்த்தேன். தேய்த்தேன்.

பிசுக்கு.

மாடிப்படியில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிற சத்தம். சங்கரன்கோவில் சிரிப்பு, எங்கே கேட்டாலும் தெரியும். வரைந்ததும் சுமார்தான், கிளையே இல்லை. ஆறு மார்க் தேறாது.

அழிக்கவில்லை. ரெண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் இன்றைய தேதியை எழுதி வைத்தேன். வளர்கிறதா என்று பார்க்க வேண்டும்.